பதினான்காம் அறைக் குடியரசு

பிப்ரவரி 3, திங்கள்

இன்று வகுப்பில் மானம் போயிற்று.

முதலாண்டு பி.ஏ. அரசியல் அறிவியல், இறைமை பாடம். "ஒரு அரசின் இறைமை யாரிடம் இருக்கிறது? பாராளுமன்றத்திடமா, மக்களிடமா?" என்று கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினேன். கழற்றியபின் நான் சொல்ல வேண்டியது, "என் வீட்டில் என்றால் என் மனைவியிடம்." இந்தக் கல்லூரியில் இருபத்து நான்கு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும் ஜோக். இன்று கண்ணாடியைக் கழற்றியதுமே வகுப்பு கொல்லென்று சிரித்துவிட்டது. நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

கடைசி பெஞ்ச் மாடக்கண்ணு எழுந்து, "நீங்க சொல்லுங்க சார், நாங்க இன்னொரு தடவை சிரிக்கோம்" என்றான். எவ்வளவு கொழுப்பு! சீனியர் பயல்கள் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறார்கள். எந்த இடத்தில் நான் இருமுவேன் என்பதுகூட இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து காந்திமதியிடம் குமுறினேன். என் மனைவிக்கு வேலை கல்லூரிக்கு எதிரே இருக்கும் தபால் ஆபீஸில். ஊழியர் சங்கத்துக்குக் கிளைச் செயலாளர் வேறு. எதைச் சொன்னாலும் எதிர்வாதம் ஒன்று தயாராக இருக்கும். "இருபத்து நாலு வருஷமா என்னைச் சொல்லிப் பிள்ளைங்களைச் சிரிக்க வச்சிருக்கீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?" என்றாள். அதுவா இப்போது விஷயம்? பிறகு, "அந்தப் பையன் பேரு என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள். சொன்னேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

சிலிண்டர் வந்தது. தக்காளி வாங்க மறந்து திட்டு வாங்கினேன்.

பிப்ரவரி 6, வியாழன்

எங்கள் கல்லூரி முதல்வர் சிவசைலம் சுற்றறிக்கை விட்டிருக்கிறார். எல்லாத் துறைகளிலும் இனி செயல்வழிக் கற்றல் நடக்க வேண்டுமாம். ஆசிரியர் பேச்சைக் குறைத்துக்கொண்டு மாணவர்களைச் செய்து பார்க்க விட வேண்டுமாம். போட்டோ எடுத்து அனுப்ப வேண்டுமாம். அவர் விலங்கியல்காரர். தவளையை அறுத்துப் பார்த்துக் கற்கலாம், ஒத்துக்கொள்கிறேன். பாராளுமன்றத்தை எங்கே வைத்து அறுப்பது?

போட்டோதானே? பெஞ்சுகளை வட்டமாகப் போடச் சொல்லி, பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, நடுவில் நின்று வழக்கம்போல நோட்ஸ் சொன்னேன். எல்லோர் முகத்தையும் பார்க்க வேண்டுமே என்று சுற்றிச் சுற்றிச் சொன்னதில் எனக்குத்தான் தலை கிறுகிறுத்தது. போட்டோ நன்றாக வந்திருக்கிறது.

பிப்ரவரி 10, திங்கள்

முதல்வர் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொல்லி காபி கொடுத்தார். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

"வேலாயுதபெருமாள், உங்க டிபார்ட்மென்ட்ல இந்த வருஷம் பத்தொம்பது பேருதான் சேந்திருக்காங்க. காமர்ஸுக்கு இடம் கேட்டு வாசல்ல நிக்காங்க. பதினாலாம் நம்பர் ரூமை ஜூன்லேர்ந்து அவங்களுக்குக் கம்ப்யூட்டர் லேபாக் கொடுத்துரலாம்னு இருக்கேன். உங்க பிள்ளைங்களை ஹிஸ்டரியோட சேத்துரலாம். புது அட்மிஷன் வேண்டாம்."

"முடிவே பண்ணிட்டீங்களா சார்?"

"மார்ச் ஆறாம் தேதி தர மதிப்பீட்டுக் குழு வருது. அவங்க உங்க வகுப்பைப் பாத்து ஆகா ஓகோன்னு சொன்னா யோசிப்போம். நீங்க அனுப்பின போட்டோவைப் பாத்தேன். பாதிப் பேரு தூங்குதாங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்த லேப் விஷயம் குழு காதுக்குப் போகக் கூடாது. டிபார்ட்மென்டை மூடுதோம்னு தெரிஞ்சா நமக்கு மார்க்கைக் குறைச்சிருவாங்க" என்றார்.

இதெல்லாம் எதனால் என்று எனக்குத் தெரியாதா? போன குடியரசு தினத்தன்று மைக்கில் அவர், "இன்றைக்குத்தான் நாம் சுதந்திரம் பெற்றோம்" என்றார். மேடையிலேயே எழுந்து திருத்தினேன். தவளைக்காரருக்கு அந்தக் காந்தல் இன்னும் அடங்கவில்லை.

காந்திமதியைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. அவள் பீன்ஸ் நறுக்குவதை நிறுத்திவிட்டு, "அப்ப அந்தப் பிள்ளைங்க?" என்றாள். என்னைக் கேட்க மாட்டாயா என்றேன். "உங்களுக்கென்ன, வேற காலேஜுக்கு மாத்துவாங்க, அங்க போயி நோட்ஸ் சொல்லுவீங்க." பதினான்காம் அறை இல்லாமல் எனக்கு என்ன செய்வதென்றே தெரியாது. பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 12, புதன்

செயல்வழிதானே வேண்டும்? காட்டுகிறேன். பதினான்காம் அறையைக் குடியரசாக அறிவித்துவிட்டேன்.

ஒரு நாடு என்றால் சண்டை போட்டுக்கொள்ள ஒரு வளம் வேண்டும். எங்களுக்கு ஃபேன். அறையில் நான்கு சீலிங் ஃபேன், ஓடுவது இரண்டு. அதன் அடியில் உட்கார்ந்தவன் பணக்காரன், மற்றவன் ஏழை. கோவில்பட்டி வெயிலில் இதற்குமேல் பொருளாதாரம் விளக்கத் தேவையில்லை. என் மேஜைமேல் இருக்கும் டேபிள் ஃபேன் இந்தக் கணக்கில் வராது, அது நான் வீட்டிலிருந்து கொண்டுவந்தது.

அரசியல் சட்டம் நானே எழுதினேன். முதல் ஷரத்து: அறைக்குள் உட்கார்ந்திருக்கும் எல்லோரும் குடிமக்கள், அவர்களுக்கெல்லாம் ஓட்டு உண்டு. (வராந்தாவில் நிற்கிற பயல்கள் உள்ளே வருவார்கள்.) இரண்டாவது: சபாநாயகர் அனுமதியில்லாமல் யாரும் பேசக் கூடாது. (சத்தம் குறையும்.) மூன்றாவது: அறைக்குள் மின்சாரத்தில் ஓடும் எல்லாமே நாட்டுச் சொத்து. (செல்போனைக் கொண்டுவந்து சார்ஜ் போடுகிறவன் பயப்படுவான்.) நான்காவது: ஜனாதிபதி அனுமதித்தால் எந்தக் குடிமகனையும் கேள்வி கேட்கலாம், கேட்கப்பட்டவர் எழுந்து நின்று ஆம் அல்லது இல்லை என்று சொல்லியாக வேண்டும். (படிக்காமல் வருகிறவன் மாட்டுவான்.) ஐந்தாவது: ஆபத்துக் காலத்தில் ஜனாதிபதி நெருக்கடி நிலை கொண்டுவரலாம். ஆறாவது: ஜனாதிபதி நான்.

மாடக்கண்ணு கையைத் தூக்கினான். "ஜனாதிபதியை இறக்கணும்னா என்ன சார் செய்யணும்?"

"இறக்க முடியாது."

"அப்ப இது மன்னராட்சில்லா சார்? போன மாசம் நீங்கதான நோட்ஸ்ல வித்தியாசம் சொன்னீங்க."

நான் சொன்னதை எழுதிவைத்திருக்கிறான், அதுவே அதிசயம். வேறு வழியில்லாமல், பாதிக்கு மேல் ஓட்டு விழுந்தால் ஜனாதிபதி இறங்க வேண்டும், அந்த ஓட்டெடுப்பில் அவருக்கு ஓட்டு கிடையாது என்று சேர்த்துக்கொண்டேன். எழுதுவதில் என்ன நஷ்டம்?

பிப்ரவரி 14, வெள்ளி

தேர்தல் நடந்தது. ஃபேனுக்கு அடியில் இருப்பவர்கள் காற்றுக் கட்சி. தலைவன் பேச்சிராஜ், கவுன்சிலர் மகன், வெள்ளைச் சட்டை கசங்காதவன். ஜன்னலோரம் ஜன்னல் கட்சி. மாடக்கண்ணுவின் கூட்டம் கடைசி பெஞ்ச் கட்சி. சபாநாயகராக எஸ்தர் ஜெபசெல்வியைப் போட்டார்கள், வருகைப்பதிவில் பெயர் கூப்பிட்டால்கூட உதடு மட்டும் அசையும் பெண் அது. வாயைத் திறக்காத ஆள் நடுநிலையாக இருப்பார் என்று மூன்று கட்சியும் நினைத்திருக்கின்றன.

சாயங்காலம் காந்திமதி, "உங்க பிள்ளைங்க நாலஞ்சு பேரு இன்னைக்கு ஆபீஸுக்கு வந்தாங்க. ஸ்காலர்ஷிப்புக்குக் கணக்கு தொடங்கணுமாம். நல்லாக் கேள்வி கேக்குதுங்க" என்றாள். என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

முதல் சட்டம் நிறைவேறியது. ஃபேன் இடங்களை வாரம் ஒரு முறை மாற்றிக்கொள்ள வேண்டும். பேச்சிராஜ் எதிர்த்து, "உழைச்சு காலைல சீக்கிரம் வந்து இடம் பிடிச்சவன் வேர்வைக்கு மதிப்பில்லையா?" என்றான். மாடக்கண்ணு, "ஃபேனுக்கு அடியில உக்காந்தவனுக்கு வேர்வை எங்கருந்துடே வந்துச்சு?" என்றான். ஜன்னல் கட்சி முதலில் அந்தப் பக்கம், பிறகு இந்தப் பக்கம், கடைசியில் கரும்பலகை ஓரத்து இடம் ஒன்றை வாங்கிக்கொண்டு இந்தப் பக்கம். கூட்டணி என்றால் என்ன என்று இத்தனை வருஷம் மூன்று பக்கம் நோட்ஸ் கொடுத்திருக்கிறேன்.

மணி அடித்ததே எனக்குக் காதில் விழவில்லை. இடைவேளை டீக்கும் போகவில்லை. மேற்பார்வை பார்க்க வேண்டுமே என்பதற்காகத்தான், மற்றபடி இந்தப் பிள்ளை விளையாட்டில் எனக்கென்ன இருக்கிறது? வீட்டுக்கு வந்து பார்த்தால் அவர்கள் பேசியதையெல்லாம் என் குறிப்பேட்டில் நான் எழுதி வைத்திருக்கிறேன். நான்கு பக்கம்.

பிப்ரவரி 19, புதன்

பட்டப்பகல் கொள்ளை. என் டேபிள் ஃபேனை நாட்டுடைமை ஆக்கிவிட்டார்கள்.

மாடக்கண்ணு எழுந்து மூன்றாவது ஷரத்தைப் படித்தான். மின்சாரத்தில் ஓடும் எல்லாமே நாட்டுச் சொத்து. பிறகு என் மேஜையைப் பார்த்தான். எல்லோரும் பார்த்தார்கள். ஃபேனும் அந்தச் சமயம் பார்த்து அவர்கள் பக்கம் திரும்பியது.

"டேய், அது என் சொந்த ஃபேன்!"

எஸ்தர் ஜெபசெல்வி, அந்த வாயில்லாப் பூச்சி, மெதுவாகக் கேட்டது: "சாட்சி இருக்கா சார்?"

சாட்சியா வேண்டும்? எல்லோர் முன்னாலும் காந்திமதிக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். "காந்தி, காலேஜ்ல இருக்கற டேபிள் ஃபேன் யாரோடது, கொஞ்சம் சத்தமாச் சொல்லு."

"என்னோடது" என்றாள். "நான் போனஸ்ல வாங்குனது. நீங்க கேக்காம எடுத்துட்டுப் போனீங்க."

"சரி, உன்னுதுதான். அதை நாட்டுடைமை ஆக்குதாங்களாம், முடியாதுன்னு சொல்லு."

"எதுக்கு முடியாது? பிள்ளைங்க வேர்த்து வடிஞ்சு உக்காந்திருக்கும். எடுத்துக்கிடட்டும்."

கைத்தட்டலில் கூரை பிய்ந்துவிடும்போல இருந்தது. அவளிடம் என்ன ஏதென்று ஒருவரும் விளக்கவில்லை, அவளும் ஒரு கேள்வி கேட்கவில்லை. உடனே புரிந்துகொண்டாளே, என்ன இருந்தாலும் சங்கத்துக்காரி. வீட்டில் இன்று நான் பேசவில்லை. அவளும் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

வியர்வையில் பனியன் ஒட்டிக்கொண்டது. ஐந்தாவது ஷரத்தின்படி நெருக்கடி நிலை அறிவித்தேன். அவை கலைப்பு. எல்லோரும் நோட்டை எடுங்கள், பக்கம் 41.

பத்தொன்பது பேரும் எழுந்து நின்றார்கள்.

"உக்காருங்க."

"உக்காந்தாத்தான சார் குடிமக்கள்?" என்றான் பேச்சிராஜ். காற்றுக் கட்சியும் சேர்ந்துவிட்டதா! "நாங்க நிக்கோம். இப்ப உங்க நாட்டுல ஒரு குடிமகனும் இல்ல சார். யாருக்கு நெருக்கடி?"

மணி அடிக்கும்வரை நின்றார்கள். நான் ஆளில்லாத நாட்டுக்கு ஜனாதிபதியாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். காந்திமதி சிரித்த சிரிப்பில் மோர்க் குழம்பு கொதித்து அடுப்பில் வழிந்தது. அவர்கள் ஆபீஸில் ஒரு தடவை நாற்காலியில் உட்காராமல் நாள் பூராவும் நின்றுகொண்டே வேலை பார்த்துக் கோரிக்கையை ஜெயித்தார்களாம். உலகத்தில் ஒரே யோசனை பல பேருக்கு ஒரே நேரத்தில் தோன்றும் என்று எங்கேயோ படித்திருக்கிறேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

நெருக்கடி நிலை வாபஸ். உடல்நிலை காரணமாக.

பிப்ரவரி 27, வியாழன்

குழு வர இன்னும் ஒரு வாரம். அன்றைக்கு இந்தப் பயல்களை நம்ப முடியாது. எனவே அன்று நடக்கப்போகும் சுதந்திரமான விவாதத்தை நானே எழுதி இன்று நோட்ஸாகச் சொல்லிவிட்டேன். "மாடக்கண்ணு எழுந்து, நான் இதை ஏற்கவில்லை என்பான். நான் புன்னகைப்பேன். பேச்சிராஜ் புள்ளிவிவரம் சொல்வான். எல்லோரும் ஆழ்ந்து யோசிப்பார்கள்."

"எவ்வளவு நேரம் சார் யோசிக்கணும்?" என்றான் பேச்சிராஜ்.

"நான் கண்ணாடியைக் கழற்றுகிறவரை."

மாடக்கண்ணு, "சார், அன்னைக்கு எனக்கு நிஜமாவே ஏத்துக்கத் தோணிச்சுன்னா?" என்றான். தோன்றக் கூடாது, இன்டர்னல் மார்க் என் கையில் இருக்கிறது என்றேன். "சரிங்க சார்" என்றான். எல்லோரும் "சரிங்க சார்" என்றார்கள். ஒரு முணுமுணுப்பு இல்லை.

மார்ச் 3, திங்கள்

குழுவுக்குக் கொடுக்கக் கடலைமிட்டாய் டப்பா மூன்று வாங்கி வைத்தேன். காந்திமதி துணி மடித்துக்கொண்டே பழைய சங்கக் கதை ஒன்று சொன்னாள். அவர்கள் மேலதிகாரி எந்தக் கூட்டத்துக்கு வந்தாலும் வாசலில் நின்றுவிட்டுப் போய்விடுவாராம், பதிலே சொல்ல மாட்டாராம். "ஒரு ஆளை உள்ள இழுக்கணும்னா அவருக்குப் பிடிச்ச விஷயத்துல ஒரு ஓட்டு கொடுத்துப் பாக்கணும். ஆசையாக் கையைத் தூக்குவாரு. தூக்கிட்டார்னா உள்ள வந்துட்டாருன்னு அர்த்தம். அப்புறம் எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு சொல்ல முடியாது." முழுவதும் கேட்கவில்லை, எனக்கு என் கவலை.

"வியாழக்கிழமை என்ன நடந்தாலும் கோவப்படாம உக்காந்திருங்க" என்றும் சொன்னாள். என்ன நடக்கப்போகிறது? எழுதிக் கொடுத்ததுதான் நடக்கும்.

மார்ச் 5, புதன்

சட்டை இஸ்திரி. வாய்ப்புண். சாமிக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டேன்.

மார்ச் 6, வியாழன்

எங்கே ஆரம்பிப்பது?

குழுவில் மூன்று பேர். தலைவி வெள்ளை முடி வைத்த ஒரு பேராசிரியை அம்மா. முதல்வர் அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். எஸ்தர் ஜெபசெல்வி எழுந்து கைகூப்பி, "எல்லாரும் உக்காருங்க" என்றது. உட்கார்ந்தார்கள். முதல்வருக்கு ஃபேனுக்கு நேர் அடியில், டேபிள் ஃபேனும் அவர் முகத்தைப் பார்க்கிற மாதிரி, நல்ல இடமாகப் போட்டிருந்தார்கள். அவரும் சட்டைக் காலரைத் தளர்த்திவிட்டுச் சாய்ந்துகொண்டார்.

நான் எழுதி வைத்தபடி தொடங்கினேன். "இன்று நாம் விவாதிக்கப்போவது..."

"மன்னிக்கணும் சார்" என்றது எஸ்தர். "இன்னைக்கு முதல்ல எடுத்துக்கிட வேண்டியது நம்பிக்கையில்லாத் தீர்மானம். ஜனாதிபதி வேலாயுதபெருமாள் மேல."

முதல்வர் துள்ளி நிமிர்ந்து, "என்னம்மா இது?" என்றார்.

"உறுப்பினர் சிவசைலம் அனுமதி கேட்டுட்டுப் பேசணும்" என்றது அந்தப் பெண். குரல் நடுங்கியது, ஆனால் நிறுத்தவில்லை. "இந்த ரூமுக்குள்ள உக்காந்த எல்லாரும் குடிமக்கள், எல்லாருக்கும் ஓட்டு உண்டு. முதல் ஷரத்து."

குழுத் தலைவி அம்மா பள்ளிப் பிள்ளைபோலக் கையைத் தூக்கினார். அனுமதி கிடைத்தபிறகு, "நாங்க மூணு பேரும் வெளியூருதானே, ஓட்டு போடாம வேடிக்கை பாக்கலாமா?" என்று கேட்டார். அவை சம்மதித்தது. அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

மாடக்கண்ணு குற்றச்சாட்டுகளை வாசித்தான். ஜனாதிபதி இருபத்து நான்கு வருஷமாக ஒரே நோட்ஸ் சொல்கிறார். ஒரே இடத்தில் இருமுகிறார். மனைவியின் ஃபேனைக் கேட்காமல் எடுத்துவந்தார். சுதந்திரமான விவாதத்துக்கு நோட்ஸ் கொடுத்தார். குழுவில் ஒருவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறியது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. போச்சு, துறை போச்சு, மானம் போச்சு.

பிறகு பேச்சிராஜ் எனக்காகப் பேச எழுந்தான். "எங்க அப்பா கவுன்சிலரு. வீட்டுல அவரு ஒருத்தருதான் பேசுவாரு. நான் பேசி, அதை ஒரு பெரிய ஆளு காது கொடுத்துக் கேட்டு, நோட்டுல எழுதினது இந்த ரூம்லதான். டீ குடிக்கக்கூடப் போகாம எழுதினாரு. எனக்கு இந்த ஜனாதிபதி வேணும்" என்றான். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். நிமிர்ந்திருந்தால் எல்லோர் முன்னாலும் அழுதிருப்பேன்.

ஓட்டெடுப்பு. சபாநாயகர் ஓட்டு போடவில்லை. இறக்க வேண்டும் என்று ஒன்பது கை. கூடாது என்று ஒன்பது கை. எஸ்தர் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சமமா நிக்குது. ஓட்டு போடாத குடிமகன் இன்னும் ஒருத்தர் இருக்காரு" என்றது.

எல்லோரும் முதல்வரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். மனிதருக்குக் குடியரசு தின மைக் ஞாபகம் வந்திருக்க வேண்டும், உதட்டோரம் ஒரு சிரிப்பு. இறக்க வேண்டும் என்று கையை உயரத் தூக்கினார். தேவைக்கு அதிகமாகவே உயரத் தூக்கினார்.

நான் இறங்கினேன். என்னைக் கடைசி பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். மாடக்கண்ணுவை ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்தார்கள், முதல்வர் அதற்கும் சிரித்துக்கொண்டே கை தூக்கினார். உடனே எஸ்தர், "அடுத்து கேள்வி நேரம். நாலாவது ஷரத்து. ஜனாதிபதி அனுமதி உண்டா?" என்றது.

"உண்டு" என்றான் மாடக்கண்ணு.

ஜன்னலோரப் பெண் ஒருத்தி எழுந்தாள். "உறுப்பினர் சிவசைலம் அவர்களுக்கு. ஜூன் மாசத்துலேர்ந்து இந்த ரூமை எடுத்துட்டு, அரசியல் அறிவியல் துறையை மூடப்போறதாச் சொல்லுதாங்களே, அது உண்மையா?"

இது இவர்களுக்கு எப்படித் தெரியும்?

"இதெல்லாம் விளையாட்டுல கேக்கக் கூடாது" என்றார் முதல்வர்.

"ரெண்டு தடவை ஓட்டு போட்டிருக்கீங்க சார்" என்றது எஸ்தர். "குடிமகன் எழுந்து நின்னு ஆமா, இல்லன்னு சொல்லணும்."

குழுத் தலைவி அம்மா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார். அவர் இப்போது சிரிக்கவில்லை. "சொல்லுங்க சார். நானும் தெரிஞ்சுக்கிடணும். ரெண்டு வருஷத்துல நான் பாத்த வகுப்புலயே உசிரோட இருக்கற வகுப்பு இதுதான். இதையா மூடுதீங்க?"

முதல்வர் எழுந்தார். டேபிள் ஃபேன் காற்று முகத்தில் அடித்தும் அவருக்கு வியர்த்தது. என்னைப் பார்த்தார். நான் வெறும் குடிமகன், கடைசி பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இல்லை" என்றார்.

"துறை இருக்கும், ரூமும் இருக்கும். நான் ரிப்போர்ட்லயே எழுதிடறேன்" என்றார் அம்மா. எழுதியும்விட்டார்.

எல்லோரும் போனபின் மாடக்கண்ணுவை வராந்தாவில் பிடித்தேன். "ஏன்டா என்னை இறக்கினீங்க? கேள்வியை நான் இருக்கும்போதே கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டிருந்தா நீங்க அனுமதி கொடுத்ததா ஆயிரும். பிரின்சிபால் நாளைக்கு உங்களைத்தான பிடிப்பாரு? அதான் முதல்ல உங்களை இறக்கிட்டோம். அவரே கை தூக்கி இறக்கினாரு, இனி உங்களை ஒண்ணும் சொல்ல முடியாது."

"ஒம்பதுக்கு ஒம்பது எப்படிடா சரியா வந்தது?"

"சீட்டுக் குலுக்கிப் பிரிச்சுக்கிட்டோம் சார். பேச்சிராஜுக்கு உங்க பக்கம் விழுந்தது."

எனக்குச் சுருக்கென்றது. "அப்ப அவன் பேசினதும் சீட்டுல வந்ததுதானா?"

"இல்ல சார்" என்றான். "அது அவனே சொன்னது."

எஸ்தர் டேபிள் ஃபேனைத் துடைத்துக்கொண்டிருந்தது. "இதுக்கு எண்ணெய் விடணுமாம் சார். அம்மா சொன்னாங்க."

"எந்த அம்மா?"

"காந்திமதி அம்மா" என்றுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டது.

மார்ச் 7, வெள்ளி

காலையில் தோசை வைக்கும்போது கேட்டுவிட்டேன். "எல்லாம் நீதானா?"

"நான் என்ன பண்ணினேன்? பிள்ளைங்க கணக்கு தொடங்க வந்துச்சு. கவுண்டர்ல நின்னு நாலு வார்த்தை பேசினேன். மத்தது அதுங்களே பண்ணிச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?"

"இருபத்து நாலு வருஷமா நீங்க எங்கிட்ட சொன்னீங்களா?" என்று இன்னொரு தோசை போட்டாள். தோசை நன்றாக இருந்தது, அதைச் சொன்னேன். ரொம்ப நாளைக்கப்புறம் சொல்கிறேன்போல, திரும்பிப் பார்த்தாள்.

வகுப்பில் என் இடம் கடைசி பெஞ்ச். ஃபேன் முறை எனக்கு வர இரண்டு வாரம் ஆகும். மாடக்கண்ணு மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இறைமை பாடம் அன்னைக்குப் பாதியில நிக்குது. உறுப்பினர் வேலாயுதபெருமாள் முடிச்சு வைக்கணும்னு அவை கேட்டுக்கிடுது" என்றான். கையைத் தூக்கி, எஸ்தர் தலையசைத்தபின் எழுந்தேன்.

"ஒரு அரசின் இறைமை யாரிடம் இருக்கிறது? பாராளுமன்றத்திடமா, மக்களிடமா?" பழக்கதோஷத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். பத்தொன்பது பேரும் சிரிக்கத் தயாராக இருந்தார்கள். ஜன்னல் வழியே எதிரே தபால் ஆபீஸ் தெரிந்தது. கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டேன்.

"சார், பதில் சொல்லலியே?" என்றது எஸ்தர்.

பதில் பழைய பதில்தான், ஆனால் அது ஜோக் இல்லை என்றேன். யாரும் சிரிக்கவில்லை. மாடக்கண்ணு பேனாவை எடுத்து எழுதிக்கொண்டான்.